தன் சூட்டை மட்டும் சொல்லும் சாட்சி

(நூலக வாசகர் வட்டத்தின் மாதாந்தர அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘தெர்மிஸ்டர்’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு இன்று காலை ஒரு நண்பர் போன் செய்தார். “ஏங்க, தெர்மாஸ் பிளாஸ்க்கைப் பத்தியா பேசப்போறீங்க?” என்று கேட்டார். “இல்லை. அது சூட்டைக் காப்பாற்றும். இது சூட்டைக் காட்டிக்கொடுக்கும்” என்றேன். அந்த ஒரு வரியோடு கூட்டத்தை முடித்திருந்தால் நீங்கள் எல்லோரும் நேரத்தோடு வீடு போயிருக்கலாம். (சிரிப்பு) ஆனால் கூட்டத் தலைவர் முக்கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்.

முதலில் பொருளைக் காட்டிவிடுகிறேன். என் விரல் நுனியில் இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது, முன்வரிசைக்கே தெரிவது கஷ்டம். கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவில் ஒரு கறுப்புப் பொட்டு, அதிலிருந்து இரண்டு கம்பிக்கால். சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். இதைத்தான் தெர்மிஸ்டர் என்கிறார்கள். வெப்பத்தைக் குறிக்கும் ‘தெர்மல்’ என்பதன் தலையையும், மின்தடையைக் குறிக்கும் ‘ரெசிஸ்டர்’ என்பதன் வாலையும் ஒட்டிச் செய்த பெயர்.

தம்பி, நீங்கள் மேடைக்கு வாருங்கள். இந்த மல்டிமீட்டரில் தெரியும் எண்ணை உரக்கப் படியுங்கள். 7.7 கிலோ ஓம். அரங்கத்தில் இப்போது 31 டிகிரி இருக்கும் என்று அந்த எண் சொல்கிறது. மின்விசிறி போதவில்லை என்று அலுத்துக்கொண்டவர்கள் சொன்னது சரிதான். இப்போது இதை விரலால் கிள்ளிப் பிடியுங்கள். எண் இறங்குகிறதா? 7.4, 7.1, 6.8. சரி, விடுங்கள். கால் கம்பிகளுக்கு உறை மாட்டிய இன்னொன்று வைத்திருக்கிறேன். அதை இந்த டீ டம்ளரில் விடுங்கள். 2.5 கிலோ ஓம். டீ 60 டிகிரியில் இருக்கிறது. இனி ஐஸ் போட்ட தண்ணீர். கொஞ்சம் பொறுங்கள், அது ஏறட்டும். 30, 32, 33. நன்றி தம்பி, அப்படியே பக்கத்தில் உட்காருங்கள், பிறகும் வேலை இருக்கிறது.

நாம் என்ன பார்த்தோம்? சூடு ஏற ஏறத் தடை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு இது நேர்மாறு. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் தடை கூடும். பிளாட்டினமும் அப்படியே. காரணம் உங்களுக்குத் தெரியும். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிகின்றன. சூடு ஏறினால் அணுக்கள் அதிர்கின்றன, ஓடுகிற எலெக்ட்ரான் அடிக்கடி இடறுகிறது. தேரோடும் வீதியில் கூட்டம் ஆடத் தொடங்கினால் நடுவில் நடப்பவன் படும் பாடுதான்.

இந்தக் கறுப்புப் பொட்டு உலோகம் அல்ல. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், சில சமயம் செம்பு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்ட பீங்கான் இது. இதற்குள் எலெக்ட்ரான்கள் திரிவதில்லை. தெப்பக்குளத்துப் படிக்கட்டில் அமர்ந்தவர்களைப்போல அந்தந்த அயனியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்துப் படிக்குத் தாவ வேண்டுமானால் ஓர் உந்துதல் வேண்டும். அந்த உந்துதலை வெப்பம் கொடுக்கிறது. சூடு கூடினால் தாவல் கூடுகிறது, மின்சாரம் எளிதாகப் பாய்கிறது, தடை குறைகிறது. மாங்கனீசுக்கு இதில் தனி இடம் உண்டு. ஒரே படிகத்துக்குள் சில மாங்கனீசு அயனிகளில் ஓர் எலெக்ட்ரான் அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் தாவலுக்கு வழிவிடுகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதில்தான் இதன் சிறப்பு. பிளாட்டினத்தின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் மாறும். இந்தப் பொட்டின் தடை, நம் அறையின் வெப்பநிலையை ஒட்டிய இடத்தில், ஒரு டிகிரிக்கு 4 சதவீதத்துக்கு மேல் மாறுகிறது. பத்து மடங்குக்கும் அதிகம். வெப்ப இரட்டை என்னும் தெர்மோகப்பிளை எடுத்தால், அதிகம் புழங்கும் கே வகை ஒரு டிகிரிக்குத் தருவது 41 மைக்ரோவோல்ட். அதைப் பெருக்கிப் படிக்கத் தனிச் சுற்று வேண்டும். தெர்மிஸ்டருக்கு இந்தத் தம்பியின் கையிலிருந்த சாதாரண மீட்டரே போதும்.

கதை எங்கே தொடங்கியது? 1833-இல், லண்டனில், மைக்கேல் ஃபாரடேயின் மேசையில். பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்துவதில்லை, அது உருகிய தண்ணீர் மட்டும் கடத்துகிறதே என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், வரிசையாகப் பல திண்மங்களைச் சோதித்தார். வெள்ளி சல்ஃபைடு வந்தபோது விளக்குச் சுடரைக் காட்டினார். சூடானதும் அது நன்றாகக் கடத்தியது. ஆறியதும் பழையபடி முரண்டுபிடித்தது. உலோகங்கள் செய்வதற்கு நேர் எதிர். அவர் வியந்து பதிவுசெய்தார். குறைக்கடத்தி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. அந்தக் குடும்பத்தின் குணத்தை முதலில் கண்டவர் அவர்தான் என்று இன்று சொல்கிறோம்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டு இந்தக் கண்டுபிடிப்பு சும்மா கிடந்தது. ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்ய முடியாததுதான் முட்டுக்கட்டை. 1930-இல் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் விற்பனைக்கு உகந்த தெர்மிஸ்டருக்குக் காப்புரிமை கோரினார். பின்னால் பாதரச பேட்டரியை உருவாக்கியவரும் இவர்தான். பெல் ஆய்வகத்துக்கு வேறொரு தேவை இருந்தது. தொலைபேசிக் கம்பி வெயிலில் சூடானால் தடை கூடிக் குரல் மெலியும், குளிரில் உரக்கும். அதைத் தானாகவே சரிக்கட்டத் தெர்மிஸ்டர் உதவியது. அங்கே இருந்த பெக்கர், கிரீன், பியர்சன் மூவரும் 1946-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் மூலக் கட்டுரைகளில் ஒன்று. அந்தப் பியர்சன், எட்டு ஆண்டு கழித்து முதல் நடைமுறை சிலிக்கன் சூரிய மின்கலத்தை உருவாக்கிய மூவரில் ஒருவர். உங்கள் மொட்டை மாடிச் சோலார் தகட்டுக்கும் இந்தக் கறுப்புப் பொட்டுக்கும் நடுவில் ஒரே கை இருக்கிறது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்சைடு பொடிகளை அளந்து அரைத்துக் கலக்கி, பிசினிட்டு, வில்லையாக அழுத்துகிறார்கள். அல்லது இரண்டு பிளாட்டினக் கம்பிகளுக்கு நடுவே சொட்டாக வைக்கிறார்கள். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். வில்லைக்கு வெள்ளிப் பசை தடவிக் கம்பி வைத்து, மேலே எப்பாக்சியோ கண்ணாடியோ பூசினால் வேலை முடிந்தது. குயவர் தொழில்தான் இது. சூளைச் சூடு கொஞ்சம் பிசகினாலும் குணம் மாறிவிடும் என்பதும் குயவருக்குத் தெரிந்த கதைதான். எப்பாக்சி பூசியது மலிவு, ஆனால் ஈரம் உள்ளே புகுந்தால் நாளடைவில் பொய் சொல்லத் தொடங்கும். கண்ணாடிக்குள் அடைத்தது பல ஆண்டு நிலைத்து நிற்கும்.

மின்சுற்றும் எளியதுதான். 5 வோல்ட் கொடுத்து, 10 கிலோ ஓம் நிலையான தடை ஒன்றையும் தெர்மிஸ்டரையும் வரிசையாகக் கட்டி, நடுப்புள்ளியில் மின்னழுத்தத்தைப் பார்ப்பார்கள். 25 டிகிரியில் இந்தத் தெர்மிஸ்டரும் 10 கிலோ ஓம் என்பதால் நடுப்புள்ளியில் சரிபாதி, 2.5 வோல்ட். 50 டிகிரியில் அது ஏறத்தாழ 1.3 வோல்டுக்கு இறங்கும். மைக்ரோகண்ட்ரோலர் இதைப் படித்துக் கணக்குப்போடும்.

கணக்கில் ஒரு வம்பு உண்டு. தடை நேர்கோட்டில் இறங்குவதில்லை. 0 முதல் 25 டிகிரி வரை ஏறும்போது இது சுமார் 23 ஆயிரம் ஓம் இழக்கிறது. அதே 25 டிகிரி ஏற்றம், 75-இலிருந்து 100-க்கு, வெறும் 800 ஓம்தான். இந்த வளைவைச் சமன்பாட்டில் அடக்கியவர்கள் ஸ்டைன்ஹார்ட், ஹார்ட் என்ற இரண்டு புவி அறிவியலாளர்கள், 1968-இல். வெப்பநிலையின் தலைகீழ் மதிப்பை, தடையின் மடக்கையையும் அந்த மடக்கையின் கனத்தையும் கொண்டு எழுதினார்கள். மூன்று வெப்பநிலைகளில் அளந்துவிட்டால் மூன்று மாறிலிகளும் கிடைத்துவிடும். அந்தக் கட்டுரை வெளிவந்த இதழ் மின்னணுவியல் இதழ் அல்ல, ஆழ்கடல் ஆய்வு இதழ். ஏன் ஆழ்கடல் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம். தெர்மிஸ்டர் அறையின் சூட்டைச் சொல்வதில்லை. டீயின் சூட்டையும் சொல்வதில்லை. அது தன் சொந்த உடம்புச் சூட்டை மட்டும் சொல்லும். கோர்ட்டில் ஏறிய நேர்மையான சாட்சி மாதிரி. தனக்குத் தெரிந்ததைத் துல்லியமாகச் சொல்வான், பக்கத்துத் தெருவில் என்ன நடந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. எனவே நமக்கு வேண்டிய பொருளின் சூடும் இந்தப் பொட்டின் சூடும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை. கருவி செய்பவனின் சாமர்த்தியத்தில் பாதி இதில்தான் செலவாகிறது. தெர்மிஸ்டர் தப்பாகக் காட்டுகிறது என்று என்னிடம் கொண்டுவரப்படும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் தெர்மிஸ்டர் சரியாகத்தான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு.

என் வீட்டுக் கதையையே எடுங்கள். போன கோடையில் ஏசி போட்டால் ஐந்து நிமிடத்தில் வெளிப்பெட்டி ஓய்ந்துவிடும். அறையோ கொதிக்கும். வந்த மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில், “சார், கேஸ் கம்மியா இருக்கு, ஏத்தணும்” என்றார். முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். ரூம் சென்சார் என்று இவர்கள் சொல்லும் தெர்மிஸ்டர், தன் பிளாஸ்டிக் கவ்வியிலிருந்து நழுவி, உள்ளே சில்லிட்டுக் கிடக்கும் காயிலின் தகடுகளில் சாய்ந்திருந்தது. அறைக் காற்றை அளக்க வைத்த சாட்சி, காயிலைக் கட்டிக்கொண்டு ‘18 டிகிரி ஆகிவிட்டது’ என்று சத்தியம் செய்கிறது. கம்ப்ரஸர் நம்பி நின்றுவிடுகிறது. கவ்வியில் திரும்ப மாட்டியதோடு சரி. காயிலில் ஒட்டி உட்காரவேண்டிய தெர்மிஸ்டர் அங்கே தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் பைப் சென்சார் என்பார்கள். காயிலில் பனி கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அடுத்த முறை கேஸ் ஏற்றச் சொன்னால், முதலில் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். காசு மிச்சமாகலாம்.

இண்டக்ஷன் அடுப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசை ஐடிஐ மாணவர்கள் பக்கம் நிறையக் கைகள். கண்ணாடிப் பலகைக்கு அடியில், செம்புச் சுருளின் நடுவில், வெள்ளைப் பசை பூசி ஒரு பொட்டு அழுத்தப்பட்டிருக்கும். அந்தப் பசைதான் கண்ணாடியின் சூட்டைப் பொட்டுக்குக் கடத்துகிறது. பழுது பார்த்துவிட்டுப் பசையைத் திரும்ப வைக்காமல் மூடினால், தெர்மிஸ்டர் நடுவிலுள்ள காற்றைத்தான் அளக்கும். மேலே பால் தீய்ந்துகொண்டிருக்கும், அடுப்புக்குத் தெரியாது.

இதே சட்டம் உயிருக்கு மன்றாடும் இடத்திலும் உண்டு. அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் வார்மரைப் பார்த்திருப்பீர்கள். மேலே சூடு வீசும் கம்பி, கீழே எடை குறைந்த குழந்தை. குழந்தையின் வயிற்றுத் தோலில் ஒரு சிறு வில்லை ஒட்டியிருக்கும். அதற்குள் தெர்மிஸ்டர். தோல் 36.5 டிகிரியில் நிற்க வேண்டும் என்று நர்ஸ் அமைத்துவிட்டால், அந்த எண்ணைப் பார்த்தே மேலே உள்ள கம்பி கூடவும் குறையவும் செய்யும். அந்த வில்லையின்மேல் பளபளக்கும் ஒட்டுத்தாள் ஒன்று இருக்கிறதே, அழகுக்கு அல்ல. மேலிருந்து வரும் கதிர்வெப்பம் நேராகத் தெர்மிஸ்டரைச் சுட்டுவிட்டால், குழந்தை குளிர்ந்துகிடக்க, கருவி ‘நன்றாகச் சூடாக இருக்கிறது’ என்று சொல்லிவிடும். அதைத் திருப்பி விரட்டத்தான் அந்தப் பளபளப்பு.

இதைவிட ஆபத்தானது, வில்லை பிரிந்து கழன்றுவிடுவது. தெர்மிஸ்டர் அறைக்காற்றில் தொங்கிக்கொண்டு, 30 டிகிரி என்று சொல்லும். பொய் இல்லை, அதன் சூடு அதுதான். கருவியோ குழந்தைக்குக் குளிர்கிறது என்று எண்ணி முழு வேகத்தில் சூடு வீசும். அதனால்தான் வார்மர்களில் எச்சரிக்கை மணிகள் இருக்கின்றன, நர்ஸ்கள் அடிக்கடி வந்து வில்லையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்த அம்மாக்கள் மின்னணுவியல் படித்தவர்கள் அல்ல. இந்தச் சாட்சியின் குணம் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இதயத்துக்குள்ளேயே போன தெர்மிஸ்டரும் உண்டு. ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1970-இல் நுனியில் பலூன் கட்டிய மெல்லிய குழாய் ஒன்றை அறிமுகம் செய்தார்கள். ரத்த ஓட்டமே பலூனைப் பாய்மரம்போல இழுத்துக்கொண்டு இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குக் கொண்டுபோய்விடும். அடுத்த ஓரிரு ஆண்டில் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு தெர்மிஸ்டரையும் வைத்தார்கள். இதயத்தின் மேலறையில் அளந்த குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தினால், சில நொடியில் அந்தக் குளிர்ச்சி தெர்மிஸ்டரைக் கடந்துபோகும். இதயம் வலுவாக அடித்தால் குளிர் சட்டென்று வந்து சட்டென்று போகும். தளர்ந்திருந்தால் இழுத்துக்கொண்டு போகும். அந்த வளைவின் பரப்பிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் இறைக்கப்படுகிறது என்று கணக்கிடலாம். ஆற்றில் மஞ்சளைக் கரைத்துவிட்டு, கீழ்த்துறையில் நிறம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்ப்பதுபோல. இங்கே மஞ்சளுக்குப் பதில் குளிர்.

வீட்டு அளவில் சொன்னால், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். உதறி உதறிப் பாதரசத்தை இறக்கிய காலம் போய்விட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பாதரச வெப்பமானிகளின் உற்பத்திக்கும் இறக்குமதிக்கும் அது வைத்த கெடு 2020. அந்த இடத்தைப் பிடித்தது உலோக மூடிக்குள் இருக்கும் தெர்மிஸ்டர். பீப் சத்தம் வரும்வரை வைத்திருக்கச் சொல்வது எதற்கு? நுனியின் சூடு உங்கள் நாக்கடிச் சூட்டோடு சமமாகி, எண் ஏறுவது நிற்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பாதி வழியில் கேட்ட சாட்சியம்தான் கிடைக்கும்.

ஆழ்கடலுக்கு வருகிறேன் என்றேன். உலகப் பெருங்கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் ஆளில்லாமல் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறிவரும். வரும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து, மேற்பரப்பை எட்டியதும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். இந்தியப் பெருங்கடலில் நம் நாட்டு மிதவைகளைக் கவனிப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம். இந்த மிதவைகளில் பெரும்பாலானவற்றில் அளப்பது தெர்மிஸ்டர்தான், ஒரு டிகிரியில் 500-இல் ஒரு பங்கு வரை துல்லியமாக. டீ விலைப் பொட்டால் அது முடியாது. நெடுநாள் பழக்கி நிலைப்படுத்தி, ஆழ்கடல் அழுத்தம் தாக்காமல் உறையிட்ட உயர்குலப் பொட்டு அது. வங்கக் கடலில் புயல் வலுவெடுக்குமா என்று பார்க்கும்போது கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரியைத் தாண்டியிருப்பது மட்டும் போதாது, அந்தச் சூடு எத்தனை மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதைச் சொல்வதில் இந்த மிதவைகளின் பங்கு பெரிது.

வானத்திலும் அதே ஏற்பாடு. சென்னை மீனம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஒட்டி வானிலைப் பலூன் பறக்கவிடுவது வழக்கம். இப்படி உலகெங்கும் பறக்கும் பலூன்களில் வெப்பநிலையை அளக்கத் தெர்மிஸ்டர் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. மேலே காற்று மெலிது, வெயில் உக்கிரம். வெயில் பட்டால் பொட்டு காற்றைவிடச் சூடாகிவிடும் என்பதால் அதற்கு வெள்ளையோ உலோகப் பளபளப்போ பூசுவார்கள். குழந்தையின் வயிற்றில் ஒட்டிய அதே தந்திரம்.

சாட்சிக்கு இன்னொரு குறை உண்டு. கேள்வி கேட்டாலே அவனுக்குச் சூடேறும். தடையை அறிய மின்னோட்டம் செலுத்தித்தான் ஆகவேண்டும், அந்த மின்னோட்டமே பொட்டைச் சூடாக்கும். அசையாத காற்றில் தொங்கும் சிறிய பொட்டு ஒன்று, 2 மில்லிவாட்டுக்கு ஒரு டிகிரி சூடேறுகிறது என்று வையுங்கள். 10 கிலோ ஓம் வழியாக 1 மில்லிஆம்பியர் விட்டால் 10 மில்லிவாட். அதாவது கேள்வி கேட்டதாலேயே 5 டிகிரி பிசகு. நான் முன்னே சொன்ன 5 வோல்ட் சுற்றில் பிசகு ஏறத்தாழ 0.3 டிகிரியோடு நின்றுவிடும். அவ்வப்போது மட்டும் மின்சாரம் கொடுத்துப் படித்தால் அதுவும் இராது. மாணவர்கள் செய்யும் புராஜெக்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

குறையையே வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பெட்ரோல் டாங்கியின் அடியில் சூடேறும்படி ஒரு தெர்மிஸ்டரை வைத்தார்கள். பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்தே இருக்கும். மட்டம் இறங்கி வெளியே தலை நீட்டியதும் சூடேறி, தடை விழுந்து, ரிசர்வ் விளக்கு எரியும். கம்ப்யூட்டர், டிவி இவற்றின் பவர் சப்ளைகளில் சுவிட்ச் போட்ட கணத்தில் பாயும் வெள்ளத்தைத் தடுத்து, பிறகு சூடாகித் தானே வழிவிடும் வட்ட வில்லையும் தெர்மிஸ்டர்தான்.

சூடேறினால் தடை கூடும் இன்னொரு வகை இருக்கிறது, பிடிசி என்பார்கள். இவ்வளவு நேரம் பேசியது என்டிசி. பிடிசி பேரியம் டைட்டனேட் பீங்கானில் செய்வது. சுமார் 120 டிகிரியைத் தாண்டினால் அதன் தடை மெல்ல ஏறாது, சுவர்போல் எழுந்து நிற்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ரிலே இதனால் ஆனது. பல கொசுவிரட்டி மெஷின்களில் திரியைச் சுட்டுவிடாமல் ஒரே சூட்டில் வைத்திருப்பதும் இதுதான். பழைய கலர் டிவியைப் போட்டதும் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வருமே, திரையின் காந்தத்தை நீக்கும் சுருளுக்கு ஒரு வீச்சு மின்சாரம் விட்டுவிட்டு உடனே அடைத்துக்கொண்டது பிடிசி. அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது, இத்தோடு விடுகிறேன்.

என்டிசி எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணத் தெர்மிஸ்டர் 150 டிகிரியைத் தாண்டினால் திணறும், கண்ணாடியில் அடைத்தது 300 வரை தாங்கும். அனல்மின் நிலையக் கொதிகலனுக்கும் உருக்கு உலைக்கும் தெர்மோகப்பிள்தான். மனிதனும் மாடும் செடியும் கடலும் வாழ்கிற குறுகிய வெப்ப வட்டத்துக்குள் மட்டும் இதை வெல்ல ஆளில்லை.

உங்கள் போன் பேட்டரியில் ப்ளஸ், மைனஸ் தவிர மூன்றாவதாக ஒரு தொடுமுனை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல போன்களில் அது தெர்மிஸ்டருக்கு உரியது. 0 டிகிரிக்குக் கீழும், சுமார் 45 டிகிரிக்கு மேலும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதைக் கெடுக்கும். வெயிலில் நின்ற காரில் வைத்த போன் சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்தால், தெர்மிஸ்டர் சொல்லைக் கேட்டு நிறுத்தியிருக்கிறது என்று பொருள். மின்சார ஸ்கூட்டரில் விஷயம் கொஞ்சம் சிக்கல். பெட்டிக்குள் டஜன் கணக்கில் செல்கள், தெர்மிஸ்டர்களோ ஒரு சில. தான் தொட்டுக்கொண்டிருக்கும் செல்லின் சூட்டைத்தான் அது சொல்லும். நாலு செல் தள்ளி ஒன்று கொதித்தால் சூடு நடந்து வந்து சேரும்வரை அதற்குத் தெரியாது. வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், பேட்டரியில் எத்தனை சென்சார், எங்கெங்கே என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

கடைசியாக ஈரோட்டுப் பக்கம் இருக்கும் என் தங்கை கணவரின் கதை. நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கத் தெர்மகோல் பெட்டியில் இன்குபேட்டர் செய்தார். இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன விசிறி, தெர்மிஸ்டர் வயரோடு வரும் மலிவான கண்ட்ரோலர் போர்டு. 37.5 டிகிரி, 21 நாள். முதல் தடவை முப்பது முட்டையில் ஏழுதான் பொரிந்தது, அதுவும் இரண்டு நாள் தள்ளி. “மச்சான், இந்த சென்சாரு சரியில்லை” என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். “மாப்பிள்ளை, பல்பு 37.5-ல இருக்கு, முட்டை 35-ல கிடக்கு” என்றேன். முட்டைகளுக்கு நடுவில், முட்டையின் உயரத்தில் வைத்ததும் இருபத்து நாலு குஞ்சு.

மூன்றாம் தடவை எலி வயரைக் கடித்துவிட்டது. கம்பி அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஏறும். தடை ஏறினால் இந்த வகைத் தெர்மிஸ்டரின் மொழியில் என்ன பொருள்? கடுங்குளிர். அவர் வாங்கிய போர்டில் கம்பி அறுந்ததைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு இல்லை. விடியவிடியப் பல்பை எரித்தது. காலையில் முப்பதும் அவிந்த முட்டை. தங்கை போனில் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே இன்குபேட்டர் செய்பவர்களுக்கும், இங்கே புராஜெக்ட் செய்யப்போகும் மாணவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கருவி செய்து முடித்ததும், பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவதற்கு முன்னால், சென்சார் வயரை நீங்களே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஹீட்டர் அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உங்கள் கருவி இன்னும் முடியவில்லை. அதோடு ஒரு சாதாரண வெப்பமானியையும் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டாவது சாட்சி எப்போதும் வேண்டும்.

இந்த டப்பாவில் 40 தெர்மிஸ்டர் கொண்டுவந்திருக்கிறேன். தம்பி வாசலில் நின்று ஆளுக்கொன்று தருவார். வீட்டில் ஐஸ் தண்ணீரில் ஒன்று, வாய்க்கு இதமான வெந்நீரில் ஒன்று, நல்ல கொதிநீரில் ஒன்று என்று மூன்று அளவு எடுத்து, பக்கத்தில் வெப்பமானியின் எண்ணையும் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால்களுக்கு உறை மாட்ட மறக்காதீர்கள். கம்பி நேராகத் தண்ணீரில் நனைந்தால் நீங்கள் அளப்பது தண்ணீரின் தடையைத்தான்.